நான்கு தடவை பார்த்த கண்ணாடி

அத்தையின் மீன் தொட்டிக்கு அடியில் ஓட்டை போட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது எனக்கு ஒன்பது வயது. திண்டிவனத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குத் தாலுகா ஆபீசில் வேலை. அவருடைய தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தின் லேபில் உதவியாளர். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு முறை பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை, அதைப் பற்றி வீட்டில் பேசுவதும் நின்றுபோயிருந்தது.

தொட்டியை, மாற்றலாகிப் போன ஒரு தலைமையாசிரியை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரும்புச் சட்டத்தில் ஐந்து கண்ணாடிகளைப் பதித்துச் செய்தது. தண்ணீர் மாற்றும் நாளில் சொம்பு சொம்பாக மொண்டு வாளியில் ஊற்றி, தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் அத்தை வாளியோடு வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. அடியில் ஒரு ஓட்டை போட்டு, ரப்பர் குழாய் சொருகிவிட்டால் தண்ணீர் தானாக வாழை மரத்துக்குப் போய்விடும் என்று அவளுக்கு யோசனை வந்தது.

அந்தச் சமயம் பள்ளிக்கூடத்து லேபில் அலமாரிக் கண்ணாடிகள் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதை எடுத்துச் செய்தவர் விழுப்புரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அத்தை கேட்டதும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஓமந்தூர்ப் பக்கம் பெரியப்பாவோடு நிலத்தைப் பார்க்கப் போய்விடுவார். அதனால் அந்த ஆள் வந்தபோது வீட்டில் அம்மா, அத்தை, நான் மட்டும்தான்.

அவர் ஒல்லியாக, உயரமாக, கையெல்லாம் பழைய வெட்டுத் தழும்புகளோடு இருந்தார். பையில் கை ட்ரில்லும், செப்புக் குழாய்த் துண்டுகளும், ஒரு டப்பா நிறையக் கண்ணாடியை அரைக்கிற பொடியும் இருந்தன. அத்தையை அவர் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். நான் டீச்சர் இல்லை, லேபில் வேலை செய்கிறவள் என்று அத்தை திருத்தினாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் டீச்சர் என்றே கூப்பிட்டார்.

தொட்டியைத் தட்டிப் பார்த்தவர், ட்ரில்லை எடுக்கவே இல்லை. பக்கத்துக் கண்ணாடிகள் நான்கும் சாதாரணக் கண்ணாடி, அடிக் கண்ணாடி மட்டும் தடிமனாக வேறு மாதிரி இருக்கிறது, லாரியின் முன் கண்ணாடியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாம் என்றார். அந்த மாதிரிக் கண்ணாடியைச் சூளையில் காய்ச்சிச் சட்டென்று காற்றடித்து ஆறவைப்பார்களாம். கல் பட்டாலும் தாங்கும். ஆனால் ஓட்டை போடப் போனால் மொத்தமும் கல்கண்டு மாதிரிக் கொட்டிவிடும். மூலையில் கம்பெனி முத்திரை இருந்தால் தெரிந்துவிடும். மூலைகளோ இரும்புச் சட்டத்துக்குள், கண்ணாடியைப் பதிக்கிற புட்டிப் பசைக்கு அடியில் மறைந்திருந்தன.

அதனால் சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்தார். கோட்டக்குப்பத்து நண்பர் ஒருவர் குவைத்தில் கண்ணாடி வேலை பார்த்துவிட்டு வந்தபோது கொடுத்தது; காற்றடித்து ஆறவைத்த கண்ணாடியாக இருந்தால் இதை மாட்டிக்கொண்டு பார்க்கும்போது புள்ளிகள் தெரியும், எல்லாக் கறுப்புக் கண்ணாடியிலும் தெரியாது என்றார். மீன்களை, இரண்டு தங்க மீன், மூன்று கறுப்பு மோலி, ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றினோம். காலி செய்த தொட்டியை அவரும் அத்தையும் பிடித்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், அடிப்பக்கம் சுவர்போல நிற்கும்படி சாய்த்து வைத்தார்கள். காலை வெயில் வலது பக்கத்திலிருந்து அடித்தது. சூரியனைப் பார்த்தும் நிற்கக்கூடாது, சூரியனுக்கு முதுகு காட்டியும் நிற்கக்கூடாது, பக்கவாட்டு வானத்தைத் தொட்டியின் அடிக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும் என்றார்.

முதலில் அவர் பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். பிறகு அத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் எனக்குக் கிடைத்தது. அடிக் கண்ணாடியில் இட்லித் தட்டின் குழிகளைப் போல மங்கலான கறுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்தன. பக்கத்துக் கண்ணாடிகளில் ஒன்றுமே இல்லை.

“புள்ளி இருக்குது” என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்தார். அத்தை ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது, டீச்சர். அடுத்த ஞாயித்துக்கிழம இன்னொரு தடவ பாத்துட்டா நல்லது.”

“அவசரம் ஒண்ணும் இல்லங்க” என்றாள் அத்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேசாக மேகம் போட்டிருந்தது. மேகம் இருந்தால் சரியாகத் தெரியாது என்றார். அதற்கடுத்த ஞாயிறு வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஆனால் அவர் கறுப்புக் கண்ணாடியைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டார். இருந்தாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். லேபில் இருக்கும் எலும்புக்கூட்டைப் பற்றி அத்தை ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். டீச்சர் இல்லை என்று அத்தை திருத்துவதையும் விட்டுவிட்டிருந்தாள். நான்காவது ஞாயிறு வானமும் இருந்தது, கறுப்புக் கண்ணாடியும் இருந்தது. அரைமணி நேரம் பார்த்துவிட்டு, சாயங்கால வெயிலில் எப்படித் தெரிகிறதோ என்று சந்தேகப்பட்டார்.

தொட்டி மாடியிலேயே காலியாகக் கிடந்தது. இதற்குள் வாளியில் இரண்டு மோலிகள் செத்துவிட்டன. தங்க மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தினமும் தண்ணீர் மாற்றியவள் நான். செத்த மீனை வாழை மரத்தடியில் புதைத்துவிட்டு அத்தை, பாவம் என்று மட்டும் சொன்னாள். என்னால் பொறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் அப்பா வந்து பேப்பரை விரித்ததும் பக்கத்தில் போய் நின்றேன்.

“அந்தக் கண்ணாடிக்காரரு நம்மள ஏமாத்துறாருப்பா. அந்தக் கண்ணாடியில ஓட்டை போடக் கூடாதுன்னு மொத நாளே தெரிஞ்சுபோச்சு. தெரியலன்னு பொய் சொல்லிக்கினு வந்துக்கினே இருக்கறாரு.”

“எத்தினி தடவ வந்தாரு?”

“நாலு.”

“மொத நாளே தெரிஞ்சுதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நான்தான் பாத்தனே. அத்தையும் பாத்துச்சு.”

அப்பா பேப்பரை மடித்தார். “அத்தையும் பாத்தாளா? பாத்துட்டு என்னா சொன்னா?”

“அவசரம் இல்லன்னிச்சு.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. உனக்குத் தெரியுமா என்று அப்பா அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார். திண்டிவனத்தில் கண்ணாடிக் கடைகள் இருக்கும்போது விழுப்புரத்திலிருந்து ஒரு ஆள் பஸ் ஏறி வந்தால் தனக்குத் தெரியாதா என்று அம்மா உள்ளே இருந்தபடியே சொன்னாள். அப்பா, விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கேட்டார்.

“அவரு வந்தா அத்தை எப்பிடி இருப்பா?”

“சிரிச்சிக்கினு இருக்கும்” என்றேன்.

அன்றைக்கு அப்பா அத்தையின் அறைக்குள் போய் வெகுநேரம் பேசினார். அத்தை அழும் சத்தம் கேட்டது. ஏமாந்துபோனதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். நான் கண்டுபிடித்துச் சொன்னதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டு விழுப்புரம் போனார். அந்த ஆளைப் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டு வருவார் என்று வாசலிலேயே காத்திருந்தேன். திரும்பி வந்த அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: சொந்தக் கடை, அவருக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும், குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் நம்ம ஆளுங்க இல்லை. அதற்கு அடுத்த நாள் பெரியப்பாவைப் பார்க்கப் போனார். திரும்பியதும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இது நடந்தால் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். மூன்று நாட்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் ஆபீஸுக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டே அத்தையிடம் அப்பா சொன்னார்:

“அண்ணன் வர மாட்டாரு. நான் இருக்கறேன்.”

அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அன்று அவள் பள்ளிக்கூடம் போக நேரமாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்காரர் அவருடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவரைவிட நன்றாகக் கண்ணாடி பார்க்கத் தெரிந்தவர் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அந்த அம்மாவோ தொட்டி இருந்த பக்கமே திரும்பவில்லை. அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிசகிய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, இன்னும் வலிக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் பேசி முடித்ததும் கண்ணாடிக்காரர் என்னிடம் வந்தார். “பொய் சொன்னது தப்புதான், பாப்பா. மீனு செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியாது” என்றார். பிறகு பையைத் திறந்தார். தொட்டியின் பக்கத்துக் கண்ணாடியில், அடிச் சட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, புட்டிப் பசையால் வட்டமாக வரப்பு கட்டி, அதற்குள் தண்ணீரும் பொடியும் விட்டு, செப்புக் குழாய் மாட்டிய ட்ரில்லை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். முக்கால் மணி நேரத்தில் அரை ரூபாய் காசளவுக்கு ஒரு வட்டத் துண்டு தனியாகக் கழன்று விழுந்தது. சாதாரணக் கண்ணாடிதானே, இதை முதல் வாரமே செய்திருக்கலாமே என்று கேட்டேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

தை மாதம் மயிலம் கோயிலில் கல்யாணம் நடந்தது. பெரியப்பா வரவில்லை. வருஷா வருஷம் அவர் நிலத்தில் விளைந்த வேர்க்கடலையை அனுப்புவார்; அந்த மல்லாட்டை மூட்டை அந்த வருஷமும் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. மூன்றாம் வருஷம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மூட்டை வந்து வாசலில் இறங்கியது. அப்பா அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

கல்யாணத்தன்று நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நான்கு வாரம் பொய் சொன்னதற்கு அப்பா அந்த ஆளுக்குக் கொடுத்த தண்டனைதான் இது. ஆயுசு முழுக்க அத்தையோடு இருந்து மீன்களுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் தோழிகளிடமும் அப்படித்தான் சொன்னேன், அவர்களும் நம்பினார்கள். தண்டனை வாங்கிய மனிதர் பந்தியில் உட்கார்ந்து எதற்காக அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார், தண்டனை கொடுத்த அப்பா எதற்காகத் தூணுக்குப் பின்னால் போய்க் கண்களைத் துடைத்துக்கொண்டார் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கவில்லை.