சிங்கத்துக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அறை

அக்காளுக்குக் கொழும்பில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையைப் பார்க்க வேண்டும். அதன் பக்கத்திலேயே ஒரு ராத்திரி தங்க வேண்டும். விடிவதற்கு முன் சிங்கம் கத்துவதைத் தன் காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொன்னபோது அவளுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல்.

அவள் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் ஆயாவாக இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். மடுவத்துச் சுவரில் மிருகப் படம் போட்ட அட்டை ஒன்று தொங்கியது. அதைக் காட்டிக் காட்டி ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு சத்தம் போட்டுத்தான் பன்னிரண்டு வருஷமாக அழுகிற பிள்ளைகளை அடக்கி வைத்திருந்தாள். நாய், பூனை, குரங்கு எல்லாம் அச்சு அசல். சிங்கம் மட்டும் கன்று ஈனப் போகிற பசுவைப் போல இருக்கும். அதை ஒருநாள் அவளிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "நீ கேட்டிருக்கியா? நானும் கேட்டதில்ல. அப்புறம் என்னா பெரிய பேச்சு?" என்றாள்.

அந்த எழுபதுகளில்தான் இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்காள் புருஷன், என் மச்சான், அவர் வீட்டார் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். என் புருஷன் வீட்டார் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரே லயத்து வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த நாங்கள் இருவரும் இப்படி இரண்டு நாட்டுக்காரிகள் ஆனோம். அக்காளுக்கும் மச்சானுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. எப்போது புறப்படுகிறார்கள் என்று ஊரே கேட்டது. நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே!

"முப்பத்தஞ்சு வருசம் இருந்த நாட்டுல நான் பார்த்தது ஹாலிஎலயும் பதுளையும். போறதுக்கு முந்தி அந்தச் சிங்கத்தையாவது கேட்டுட்டுப் போறேன்" என்றாள் அக்காள். தங்கும் இடம் பார்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஹாலிஎலைக் கடைத்தெருவில் காய்கறி விற்றுப் பழகியதால் எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அந்தத் தைரியம்தான், மற்றபடி நானும் கொழும்பைக் கண்டவள் இல்லை.

பதுளையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா சரக்கெடுக்க மாதம் இருமுறை கொழும்பு போய் வருவார். அவரிடம் போய்க் கேட்டேன். சீத்தைத் துணியை மடித்துக்கொண்டே மூன்று இடம் சொன்னார். ஒன்று, செட்டியார் தெருவில் ஒரு லாட்ஜ். மலைநாட்டு ஆட்கள் எல்லாம் அங்கேதான் இறங்குவார்கள். இரண்டாவது, வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வீடு. சுத்தம், சைவச் சாப்பாடு, ஆனால் விளக்கு வைத்ததும் வாசற்கதவைப் பூட்டிவிடுவார்.

மூன்றாவதைச் சொல்லும்போது கையை ஆட்டினார். "மிருகக்காட்சிச்சாலை மதிலோட ஒட்டி ஒரு வீடு ஈக்கிது தங்கச்சி. வெள்ளைக்காரனுகள் வந்து போற எடம். அங்க மட்டும் போயிராதீங்க. விடிய முன்னுக்கே சிங்கம் கத்துற கத்துல நித்திர கொள்ள ஏலா."

அக்காளிடம் வந்து மூன்றையும் ஒப்பித்தேன். முதல் இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மூன்றாவதைக் கேட்டதும் கையிலிருந்த பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். "தூங்கவே முடியாதாமா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

மச்சானுக்குச் செட்டியார் தெருதான் பிடித்தது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினோடு வேலை செய்து செய்து, அந்தச் சத்தத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்ட மனிதர். இரவு மெயில் ரயிலில் ஏறியதும் மெல்லத் தொடங்கினார். "அங்கன்னா நம்ம ஆளுக இருப்பாங்க. ஒரு வெந்நி தண்ணி கேட்டாலும் கெடைக்கும்." நானுஓயா வரை இதையே நான்கு விதமாகச் சொன்னார். பிறகு மடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அட்டையைக் காட்டினார். "சிங்கம், சிங்கம்ங்கிற. இந்தா, இதுலயே மூணு சிங்கம் இருக்கு பாரு."

"அது கத்துமா?" என்றாள் அக்காள். மச்சான் பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கித் தெஹிவளைக்குப் போகும் ரயிலில் ஏறினோம். கொஞ்ச தூரத்தில் ஜன்னலுக்கு வெளியே திடீரென்று கடல். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே, காலை நீட்டினால் நனையும் போல. நான் "ஐயோ!" என்று கத்திவிட்டேன். பெட்டியில் இருந்த, கந்தோர் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அக்காள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "இம்மாம் பெரிசா? இதத் தாண்டியா போகணும்?" என்றாள். "அது மன்னார்ப் பக்கம். வேற கடலு, சின்னது" என்றார் மச்சான். அவரும் அன்றுதான் கடலைப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். வெள்ளை மதில், ஓட்டுக் கூரை, முன்னால் பெரிய இரும்புக் கேட். மூன்று பேரும் அந்தக் கேட்டைப் பார்த்தோம். பேசி வைத்ததுபோல வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். பெரிய வீடு என்றால் பின்வாசல். துரை பங்களாவுக்குப் போய்ப் பழகிய கால்கள் அவை. சமையல் நடக்கும் குசினிக் கதவுக்கு முன் மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டுத் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அக்காளும் நானும் அவருக்குப் பின்னால் வரிசையாக நின்றோம், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்பது போல.

கவுன் போட்ட ஒரு வயதான நோனா, அந்த வீட்டுக்காரி, வெளியே வந்தாள். எங்களை மேலும் கீழும் பார்த்துச் சிங்களத்தில், "வேலைக்கு ஆள் வேண்டாம். போன வாரம்தான் ஒருத்தியை வைத்தேன்" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. அவள் மேல் அல்ல, எங்கள் மேல்தான். காசு கொடுத்துத் தங்க வந்தவர்கள் எதற்காகக் குசினி வாசலில் நிற்கிறோம்? "வேலைக்கு வரவில்லை நோனா, தங்க வந்திருக்கிறோம். அறை வேண்டும்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அவள் குரல் தணிந்தது. கோபப்படவில்லை, சங்கடப்பட்டாள். தன் அறைகள் வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்றும், உள்ளூர் ஆட்களை ஏற்பதில்லை என்றும் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொன்னதும் மச்சான் செருப்பைத் தேடத் தொடங்கினார். அவர் முகத்தில் செட்டியார் தெரு தெரிந்தது.

அந்த நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பறவை கீச்சென்று கத்தியது. அக்காள் அசையவில்லை. "என்னாங்க, அந்தப் பொஸ்தகத்த எடுங்க" என்றாள் மச்சானிடம். அவர் முழித்தார். அவளே அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கி, இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து நோனாவிடம் நீட்டினாள். "சொல்லு புள்ள. நாங்க வெளிநாட்டுக்காரங்கதான்னு சொல்லு."

சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நோனா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உன்னுடையது?"

என்னுடையது ஏது? அங்கே நின்ற மூவரில் இலங்கைக்காரி நான் ஒருத்திதான், எனக்குத்தான் இடமில்லை. நாக்கில் வந்ததைச் சொன்னேன்: "நான் இவர்களுடைய வழிகாட்டி." வெள்ளைக்காரர்கள் வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு வருவது அவளுக்குப் பழக்கம்தானே. என் ரப்பர் செருப்பைப் பார்த்தாள், அக்காள் தோளில் கிடந்த கம்பளியைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் துடித்தது. "முன்வாசலால் வாருங்கள். விருந்தாளிகள் இந்தப் பக்கம் வருவதில்லை" என்றாள்.

அன்று பகல் முழுவதும் காலில் சக்கரம்தான். எந்தப் பாதை எங்கே போகிறது என்று தெரியாமலே நான் வழிகாட்டினேன். ஒரே குரங்குக் கூண்டுக்கு மூன்று முறை வந்து சேர்ந்தோம். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து அக்காள் கை தட்டினாள். நீர்யானை வாயைப் பிளந்ததும், "நம்ம கண்டாக்கையா கொட்டாவி விடுறாரு!" என்றாள், கொழுந்து எடை குறைந்தால் தோட்டத்துப் பெண்களை ஏசும் கண்டக்டர் அவர். மச்சானே சிரித்துவிட்டார். சாயங்காலம் யானைகள் மேளத்துக்கு ஆடின. ஒரு யானை முன்காலைத் தூக்கிச் சலாம் போட்டதும் மச்சான் எழுந்து நின்று பதில் சலாம் போட்டார்! சிங்கம் மட்டும் அன்றைக்கு முழுவதும் தூங்கியது. அக்காள் கூண்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றாள். அது வாலைக்கூட ஆட்டவில்லை.

விடிவதற்கு முன் அது கத்தியது. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, என் நெஞ்சு அதிர்ந்தது. பசு மாதிரியே இல்லை. எது மாதிரியும் இல்லை. மலையில் பாறைக்கு வெடி வைத்தால் அடிவயிற்றில் ஒன்று உருளுமே, அது நிற்காமல் உருண்டால் எப்படி இருக்கும், அப்படி. மச்சான் போர்வைக்குள் "முருகா" என்றார். அக்காள் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாளோ. அது கத்தி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "கேட்டேன் புள்ள. கேட்டுட்டேன்" என்றாள். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் கட்டிக்கொள்ளும் வழக்கமே கிடையாது.

காலையில் தேத்தண்ணி குடித்து முடித்ததும் நோனா ஒரு பேப்பரும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். வெளிநாட்டு விருந்தாளிகள் எல்லோருக்கும் அது எழுத வேண்டுமாம். அவள் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் கேட்டாள்; வழிகாட்டி நான் தமிழில் கேட்டு, பதிலைச் சிங்களத்தில் சொன்னேன். பெயர், தொழில் எல்லாம் வேகமாகப் போயிற்று. இலங்கைக்கு எதற்காக வந்தார்கள் என்பதற்கு அக்காள், "சிங்கம் பார்க்கன்னு எழுதச் சொல்லு" என்றாள். நோனா சிரித்துக்கொண்டே எழுதினாள்.

"இலங்கைக்கு வந்த திகதி?"

"இந்த நாட்டுக்கு எப்ப வந்தீங்கன்னு கேக்குறாங்க" என்றேன்.

அக்காள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்க ஆத்தா பெத்த அன்னைக்குத்தான்!"

அதை அப்படியே சொன்னேன். நோனாவின் பேனா நின்றது. பாஸ்போர்ட்டைத் திருப்பி அக்காள் பிறந்த ஊரைப் பார்த்தாள். பதுளை என்று இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்த பிறந்த திகதியைப் பார்த்து, வந்த திகதி என்ற கட்டத்தில் மெதுவாக எழுதினாள். பிறகு தலையைத் தூக்காமலே அடுத்ததைக் கேட்டாள்.

எனக்குப் புரிந்தது. "என்னா கேக்குறாங்க?" என்றாள் அக்காள். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சொல்லு புள்ள, அவுங்க காத்துக்கிட்டு இருக்காங்கல்ல."

"எப்ப போறீங்கன்னு கேக்குறாங்க" என்றேன்.

அக்காள் சொன்னாள். அடுத்த வெள்ளி இல்லை, அதற்கடுத்த வெள்ளி. பத்து நாள்தான் இருந்தது. நோனா பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அதைச் சிங்களத்தில் சொல்ல அங்கே என்னைத் தவிர வேறு ஆள் இல்லை, நான்தான் சொன்னேன்.