டாக்டரம்மா குடித்த அயோடின்

டிஷ்யூ பேப்பரில் சுற்றி, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல அந்தக் குட்டி பல்பைப் பிடித்திருந்தார் டாக்டரம்மா. என் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். கீழே இரண்டு கம்பிக் கால்கள். உதவலாமே என்று கை நீட்டினேன். "ஐயோ, தொட்டுடாதேம்மா. விரல்ல இருக்கிற எண்ணெய்ப் பசை பட்டா, சூடானதும் அந்த இடத்துல கண்ணாடி விரிசல் விட்டுடும்" என்றார். அடையாற்றில் அவர் நடத்திவந்த சிறிய பரிசோதனைக்கூடத்தில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் வாரம் அது. நுண்ணோக்கிக்கு அடியில் எரியும் ஹாலஜன் விளக்கு அன்று காலை அணைந்துபோயிருந்தது.

சாதாரண பல்பில் டங்ஸ்டன் இழை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் கறுப்பாகப் படியும். இதில் துளி அயோடினோ புரோமினோ அடைத்திருப்பார்கள். ஆவியான டங்ஸ்டனை அது பிடித்துக்கொண்டுபோய் மறுபடி இழையிலேயே சேர்த்துவிடும். அதனால் விளக்கு அதிகச் சூட்டில், கறுக்காமல், பளிச்சென்று எரியும். புது பல்பைப் பொருத்திக்கொண்டே அவர் இதைச் சொன்னபோது எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. தமிழில் படித்த எனக்கு அயோடின், புரோமின் போன்ற இந்த ஹாலஜன்களெல்லாம் உப்பீனிகள். தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன சொல், கண்ணெதிரே மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

அந்த வெளிச்சத்தில்தான் அவருடைய நாள் முழுவதும் போகும். மற்ற டாக்டர்களிடம் நோயாளிகள் வருவார்கள், அழுவார்கள், குணமானால் பழம் வாங்கிவந்து கொடுப்பார்கள். இவரிடம் வந்ததெல்லாம் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய ஒரு துளி மட்டுமே. அது யாருடையது, அவர் பிழைத்தாரா என்பது பெரும்பாலும் இவருக்குத் தெரியாமலே போய்விடும். கணவர் எப்போதோ தவறிவிட்டார். ஒரே மகள் சிங்கப்பூரில் இருந்தாள். நான் மேற்கு மாம்பலத்தில் அண்ணன் வீட்டு முன்னறையில் இருந்தேன். அங்கே நான் பேசுவதைவிட டிவி பேசுவதுதான் அதிகம். மத்தியானம் டாக்டரம்மா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். நான் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சாப்பிடுவேன். இரண்டு பேரும் கூச்சக்காரர்கள். பல வருஷங்கள் அப்படியே ஓடிவிட்டன.

ஒரு நாள் மாலை, அவருடைய சிநேகிதியான ஒரு சர்ஜனின் கிளினிக்கிலிருந்து சில ஸ்லைடுகள் வந்தன. கழுத்துக் கட்டியில் ஊசி போட்டு எடுத்தவை. பெயர் இல்லை, எண் மட்டும் இருந்தது. "இதுக்கு முதல்ல சாயம் ஏத்திக் கொடு" என்றார் டாக்டரம்மா. கொடுத்தேன். வழக்கமாக அவர் வேகமாகப் பார்ப்பவர். அன்று ஒரே இடத்தில் வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட்டைத் திறந்து, "தைராய்டுதானே மேடம்? பேர் என்ன போடட்டும்?" என்று கேட்டேன்.

"என் பேரைப் போடு."

திரும்பிப் பார்த்தேன். முந்தானை விலகிய இடத்தில், கழுத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. "புற்றுநோய்தான். ஆனா, இது குணமாகிற வகை. என்னோடதுக்கு நானே கையெழுத்துப் போடக்கூடாது. வேற டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்" என்றார். குரலில் நடுக்கம் இல்லை. அந்தச் செய்தியைச் சொல்ல அந்த நேரத்தில் பக்கத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்பதுதான் எனக்கு என்னவோ செய்தது.

வேறு டாக்டரும் அதையே சொன்னார். அறுவை சிகிச்சையில் சுரப்பியை எடுத்தார்கள். மிச்சம் மீதி இருக்கும் செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் குடிக்க வேண்டும் என்றார்கள். "பல்புல இருக்கிற அதே அயோடின்தானா மேடம்?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "அதேதான். இது கொஞ்சம் கோபக்கார அயோடின்" என்றார். அந்தச் செல்கள் மருந்தை நன்றாக இழுத்துக்கொள்வதற்காக, அதற்கு முன் சில நாட்கள் சாப்பாட்டில் அயோடின் சேரவே கூடாது. பாக்கெட் உப்பு ஆகாது. மாம்பலத்தில் கடை கடையாகக் கேட்டு, அயோடின் சேர்க்காத உப்பு வாங்கி, நானே சமைத்துக் கொண்டுபோனேன். மகள் கிளம்பி வருகிறேன் என்றாளாம். கைக்குழந்தையோடு இப்போது பக்கத்தில் வரவே கூடாது என்று இவர்தான் தடுத்துவிட்டார்.

மருந்தைக் குடிக்கக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்தார்கள். உடம்பிலிருந்து கதிர்வீச்சு வரும் என்பதால் யாரும் பார்க்க முடியாது. சாப்பாட்டுத் தட்டைக்கூட வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். ஃபோனில் கூப்பிட்டு, தனியாக இருக்கக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

"வீட்டுலயும் தனியாத்தானே இருக்கேன்? இங்க யாரும் வராததுக்கு ஒரு காரணம் எழுதிக் கதவுல ஒட்டியிருக்காங்க. அது ஒரு விதத்துல நிம்மதியாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அறுவைக்குப் பிறகு அவர் குரல் கம்மிப்போயிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் சில நாட்கள் எல்லோரிடமிருந்தும் தள்ளியே இருக்கச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டு கேட்டுக்கு வந்து நின்றேன். அவர் வந்து எடுத்துக்கொண்டார். கிளம்பப் போனவளை, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"பையில டப்பா இருக்கு மேடம். போற வழியில..."

"வழியில எங்கே? இங்கேயே சாப்பிடு. உள்ளே வராதே. அங்கேயே உட்கார்."

அவர் வாசலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் கேட் ஓரத்துச் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தேன். எதிர் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா, கேட்டாண்ட குந்திக்கினு துன்னுற? உள்ள உட மாட்டாங்களா?" என்று தெருவைத் தாண்டி வந்தார். டாக்டரம்மா அந்தக் கம்மிய குரலில் சத்தம் போட்டுச் சொன்னார்: "நான்தாம்பா வர வேண்டாம்னேன். என் உடம்புல மருந்து இருக்கு." வாட்ச்மேன் என்ன புரிந்துகொண்டாரோ, போய்த் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து நிழலில் போட்டார். "வெயில்ல குந்தாதக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரசம் சாதத்தில் ஒரு வாய் எடுத்ததும், "இன்னிக்குப் பாக்கெட் உப்பே போட்டுட்டியா?" என்றார் டாக்டரம்மா. ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டது அன்றுதான். நடுவில் ஒரு வாசல் நீளம் இருந்தது. விட்ட நாட்களையெல்லாம் ஈடுகட்டுவதுபோல, தள்ளியிருக்கச் சொன்ன நாட்கள் முடிகிறவரை தினமும் அப்படியே சாப்பிட்டோம்.

அவர் குணமானார். சில வருஷங்கள் மறுபடி அந்த விளக்குக்கு முன் குனிந்திருந்தார். பிறகு கண் ஒத்துழைக்கவில்லை. மகள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள், பரிசோதனைக்கூடமும் மூடப்பட்டது. இப்போது நான் கிண்டியில் ஒரு பெரிய லேபில் இருக்கிறேன். விளக்கெல்லாம் எல்இடி. ஸ்லைடுகளை மெஷினில் வைத்தால் படமாகி எங்கேயோ போகிறது. பார்த்துச் சொல்லும் டாக்டர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. கேன்டீனில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே யாரிடமும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

போன வாரம் டப்பாவைத் திறக்கும்போது ஃபோன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து டாக்டரம்மா. "எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. தட்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். நீயும் இப்பதானே சாப்பிடுவே?" என்றார். ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன். அதிகம் பேசவில்லை. அவர் ஸ்பூன் தட்டில் படும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபோனை வைத்துவிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது, நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் சிங்கப்பூரில் சாப்பாட்டு வேளை எப்போதோ தாண்டியிருக்கும். என் மத்தியானம் வரும்வரை பசியோடு காத்திருந்திருக்கிறார்.