ஆசீர்வாத எபெக்ட்

பெரம்பலூரில் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்து பிழைப்பவன் நான். எடுத்த படத்தை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, நடுவில் கொஞ்சம் வித்தை காட்டிக் கொடுப்பதற்குத்தான் மிக்ஸிங் என்று பெயர். இப்போது வருகிற ஜோடிகள் ‘சினிமாட்டிக்’ என்று ஒரு வார்த்தையைச் சொல்லி என் உயிரை வாங்குகிறார்கள். ரஞ்சன்குடிக் கோட்டையில் இருவரையும் நடக்கவிட்டு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டால் போதுமாம். முகம் தெரியாது, வானம் நன்றாகத் தெரியும். கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த காலம் வேறு. மிக்ஸிங் சாப்ட்வேரின் புது வெர்ஷன் சிடி திருச்சியிலிருந்து வந்தால், அன்றைக்குக் கடையில் வேறு வேலை ஓடாது. இந்தத் தடவை என்ன புது எபெக்ட் கொடுத்திருக்கிறான் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம். ரோஜா மொட்டு விரிந்து உள்ளே மணப்பெண் சிரிப்பாள். இதயம் இரண்டாகப் பிளந்து தாலி கட்டு வரும். அரியலூர்ப் பக்கம் ஒரு முகூர்த்த சீசன் முழுக்க எல்லா மாப்பிள்ளைகளும் தாமரைப் பூவிலிருந்துதான் வெளியே வந்தார்கள். அடுத்த சீசனில் தாமரை வேண்டாம், மயில்தோகைதான் வேண்டும் என்றார்கள். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். எனக்குச் சிரிப்போடு கொஞ்சம் ஏக்கமும் வரும்.

அவற்றில் நான் உண்மையிலேயே இழந்ததாக நினைப்பது ஆசீர்வாத எபெக்டைத்தான். பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ அப்பா இறந்துபோயிருந்தால், அவருடைய போட்டோவைக் கொடுத்தால் போதும். தாலி கட்டும் நேரத்தில் மணமேடைக்கு மேலே மேகம் கூடும், மேகத்தில் அவர் முகம் தெரியும், பக்கத்தில் ஒரு கை நீண்டு பூ உதிர்க்கும். அந்தக் கை சிடியோடு வந்த கை. மணிக்கட்டில் தடிமனாக ஒரு தங்கக் காப்பு இருக்கும். திருமானூர் அப்பாவுக்கும் கீழப்பழுவூர் அப்பாவுக்கும் ஒரே கை, ஒரே காப்பு. ஆனாலும் அந்த இடம் வந்ததும் என் கடையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அழாமல் எழுந்து போனதில்லை. கேலி பேசிக்கொண்டே மிக்ஸிங் செய்த நானும் சில சமயம் கண்ணைத் துடைத்திருக்கிறேன்.

அது ஒரே நாளில் போய்விடவில்லை. ஏதாவது சிக்கல் என்றால் திருச்சியில் ஒருவருக்குப் போன் போடுவோம், பொறுமையாகச் சொல்லித் தருவார். பிறகு அந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை. ஒரு வெர்ஷனில் ஆசீர்வாதத்தை ‘பழையவை’ என்ற மூலைக்குத் தள்ளினார்கள். அடுத்த வெர்ஷனில், இது இனி சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை வந்தது. அதற்கடுத்ததில் மூலையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அது ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரும் புகைவிட்டுப் பழைய இரும்புக்குப் போனது. சிடியில் பூஞ்சை பூத்துவிட்டது. உபயோகப்படுத்துகிறவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று எனக்கு அப்போது கோபம் கோபமாக வந்தது.

போன ஆவணி முகூர்த்தம் முடிந்த சமயம், திருமானூர்ப் பக்கத்திலிருந்து கரும்பு வைக்கிற குடும்பத்து அம்மா ஒருவர் தன் சின்ன மகளோடு கடைக்கு வந்தார். பெரிய மகள் கல்யாணத்துக்கு மிக்ஸிங் செய்தது நான்தான். அதற்கு முன்பே அவர் கணவர் போய்விட்டார். சின்னவளின் கல்யாணத்தையும் அரியலூர் மண்டபத்தில் நானே எடுத்து முடித்து, வீடியோவையும் கொடுத்துவிட்டேன். ட்ரோன் எல்லாம் உண்டு.

“முழுசாப் பாத்துட்டேன் தம்பி. அவரக் காணுமே?” என்றார் அந்த அம்மா.

முதலில் எனக்குப் புரியவில்லை.

“பெரியவளுக்கு மேகத்துல வந்து பூப் போட்டாரில்ல? சின்னவளுக்கு வரலையே.”

“அது இப்ப வர்றதில்லைங்கம்மா. அந்த சாப்ட்வேர்ல எடுத்துட்டாங்க.”

“யாரு எடுத்தா?”

சின்ன மகள் குறுக்கே பேசினாள்.

“அண்ணே, அப்பா போனப்ப எனக்கு வெவரம் தெரியாது. அக்கா கல்யாண சிடிய அந்த எடத்துக்குன்னே ஓட்டி ஓட்டிப் பாப்பேன். நமக்கும் ஒரு நாளு வருவாருன்னு இருந்தேன்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். முடியாது என்று சொல்ல வந்தவன், பார்க்கலாம் என்றேன்.

அக்காவின் சிடியிலிருந்தே வெட்டி எடுக்கலாமா என்று பார்த்தேன். பூவும் கையும் அக்காவின் தலையோடு சேர்ந்தே வந்தன. மேகத்தை நானே செய்துவிடலாம். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. கைக்குத்தான் வழியில்லை. நெட்டில் தேடிக் கிடைத்ததெல்லாம் வெள்ளைக்காரன் கை. கரும்பு வெட்டிய மனிதருக்கு அதை எப்படி மாட்டுவது?

“பழைய கையி அவரோடது இல்லீங்கம்மா. சிடியில வந்தது” என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. “தெரியும் தம்பி. அவரு என்னிக்குக் காப்புப் போட்டாரு? மேல போயி வசதியாயிட்டாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

மூவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் மகள், “ஒன் கையையே எடுக்கச் சொல்லும்மா” என்றாள்.

“நானா? நான் அட்சதை போடக் கூடாதும்மா.”

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. கணவனை இழந்த அம்மாவை முகூர்த்த நேரத்தில் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். எங்கேயாவது கதவோரம் நிற்பார். அவரைத் தேடிப் போய் ஒரு ஷாட் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மகள் கல்யாண வீடியோவில் அம்மாவே இருக்க மாட்டார். இந்த அம்மாவையும் பந்திக் கூடத்துக் கதவோரம் அப்படித்தான் எடுத்திருந்தேன். எடுக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் கேமராக்காரன் பேச்சை மண்டபத்தில் யார் கேட்பார்கள்?

“இது கல்யாணம் இல்லீங்கம்மா, கம்ப்யூட்டரு. இதுக்கு அதெல்லாம் தெரியாது” என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். மகள் எழுந்து அவர் கையைப் பிடித்து கேமராவுக்கு முன்னால் அழைத்து வந்தாள்.

சுவரில் பச்சைத் துணியைக் கட்டினேன். துணி மட்டும் மறைந்து கை தனியாக நிற்பதற்கு அது வேண்டும். பூவுக்குப் பதிலாகப் பக்கத்து மளிகைக் கடையில் பச்சரிசியும் மஞ்சள்தூளும் வாங்கி வந்தேன். அந்த அம்மாவே ஒரு தட்டில் போட்டுப் பிசைந்தார். வெயிலில் கறுத்து, வளையல் இல்லாமல் இருந்தது அவர் கை. அதை அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கப்போவதில்லை. அது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது.

முதல் பிடியைப் பயந்து பயந்து போட்டார். அடுத்த பிடி நன்றாக விழுந்தது. அவர் கைக்குக் கீழே நின்றிருந்த மகள் தன்னையறியாமல் தலையைக் குனிந்து கொடுத்தாள். அரிசி அவள் தலையிலும் தோளிலும் விழுந்தது.

“போதுங்கம்மா, நல்லா வந்துருக்கு” என்றேன்.

அவர் நகரவில்லை. தட்டில் மீதியிருந்த அரிசியைக் கை நிறைய அள்ளிக்கொண்டார்.

“தம்பி, பெரியவளுக்கும் ஒரு பிடி போட்டுக்கட்டுமா? அன்னிக்கும் என்னைக் கூப்புடல.”

“போடுங்கம்மா” என்றேன். கேமராவை நான் நிறுத்தவில்லை.