அக்காவின் பல் செட்டும் ஓர் அரிவாள்மணையும்

வாங்கிய மூன்றே மாதத்தில் கைப்பிடி உடைந்துபோகும் பிளாஸ்டிக் மக் ஒன்று எல்லார் வீட்டுக் குளியலறையிலும் இருக்கும். அந்தக் கைப்பிடியை வரைந்தவன் நான்தான். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு மோல்டு பட்டறையில் பல வருடங்களாக இதே வேலை. சோப்பு டப்பா, சீப்பு, வாளி மூடி. உடையாத எதையும் நான் வடிவமைத்ததாக நினைவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் உடையவில்லை. அக்காவுக்காக நான் செய்த பல் செட் பிரஷ். நான் தேறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உடைவதற்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கா கான்வென்ட் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி போன பிறகு நான் ஒரு சூட்கேஸும் ஒரு அழுக்குத்துணி மூட்டையுமாக மந்தைவெளியில் அவள் ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தேன். "ரெண்டுல எது நீ, எது துணி?" என்று கேட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

ஐம்பது வயதுக்குள் ஈறு நோய் வந்து அவளுக்கு எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டார்கள். மேலும் கீழும் பல் செட். இது தெரிந்தவர்கள் பல் டாக்டரும் நானும் மட்டும். நானும் தெரிந்துதான் வைத்திருந்தேனே தவிர, பார்த்ததில்லை. குளியலறைக் கதவைத் தாழ் போட்ட பிறகுதான் செட் வெளியே வரும். மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின்போது பைபிளிலிருந்து படிக்கும் முதல் வாசகம் அவளுடையது. வாயில் நுழையாத ராஜாக்களின் பெயர்களையெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல அவள் வாசிக்கும்போது, கோயிலில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒருமுறை கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவரின் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "பாத்தியாடா, வாய் குழி விழுந்து, யாருன்னே தெரியல. ஒரு பல்லு வெச்சு விட ஆள் இல்ல. என்னை அப்படி மட்டும் படுக்க வெச்சே, பெட்டியிலேர்ந்து எழுந்து வந்து அறைவேன்."

"பல்லு இல்லாம எப்படிக்கா?"

"கடிக்கத்தான்டா பல்லு வேணும். அறையறதுக்குக் கை போதும்."

அடுத்த வருடம் அந்தக் கைகளில் ஒன்று போயிற்று. பக்கவாதம். வலது கையும் பேச்சும் பிழைத்துக்கொண்டன. இடது கை தோளிலிருந்து ஈரத்துண்டு மாதிரி தொங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் காலை, தாழ் போட்ட குளியலறையிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ‘டக்’. எனக்குப் புரிய நேரமாயிற்று. பல் செட்டைக் கழுவ இரண்டு கை வேண்டும். ஒன்று செட்டைப் பிடிக்க, மற்றொன்று பிரஷைப் பிடிக்க. அவள் செட்டை உணர்ச்சியில்லாத கையின் அக்குளில் இடுக்கிக்கொண்டு தேய்த்திருக்கிறாள். அது வழுக்கி வழுக்கி வாஷ்பேசினில் விழுந்திருக்கிறது.

கதவருகே போய், "அக்கா, நான் கழுவித் தரட்டா?" என்றேன்.

உள்ளே குழாய் நின்றது. "அந்தாண்ட போடா" என்று வந்தது. அந்தக் குரலில் பல் இல்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அதைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

இரண்டு வாரத்தில் கீழ் செட்டின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. பேசும்போது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போன் போட்டு, வாசகத்துக்கு வேறு யாரையாவது போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள். கை விளங்காததுதான் காரணம் என்று அவர்களிடம் சொன்னாள். என்னிடம், போனை வைத்துவிட்டு, "நாறுதுடா" என்றாள்.

மக் கைப்பிடிக்காரன் அன்றைக்குத்தான் ஒரு காரியமாக பென்சிலை எடுத்தேன்.

முதலில் எனக்குத் தோன்றியதெல்லாம் முட்டாள்தனம். செட்டைப் பிடித்துக்கொள்ள ஓர் இடுக்கி வரைந்தேன். இடுக்கியைத் திருகவே இரண்டு கை வேண்டும் என்பது வரைந்து முடித்த பிறகுதான் உறைத்தது. அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, சிவப்பு மை பேனா கேட்காத குறையாக உதட்டைப் பிதுக்கினாள்.

"டேய், அருவாமனையில காய் நறுக்கும்போது எது நகருது? கத்தியா?"

"காய்."

"அப்புறம் ஏன்டா பல்லப் புடிச்சுத் தொங்கற?"

அவ்வளவுதான். பிரஷ் நிற்க வேண்டும், பல் நகர வேண்டும். நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பட்டறைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறவனுக்கு மட்டும் தெரியவில்லை.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் அலைந்து குழந்தை டூத் பிரஷ், பால் புட்டி பிரஷ், ஷூ பிரஷ் எல்லாம் வாங்கி அறுத்தேன். பல்வரிசையின் வெளிப்பக்கத்துக்கு ஒரு பட்டைக் குஞ்சம். ஈறு உட்காரும் உள்பள்ளத்துக்குக் கூம்பு மாதிரி ஒரு குஞ்சம். இரண்டும் ஒரே பீடத்தில் முளைத்து நிற்கும். பட்டறையில் இது ஊறுகாய் ஜாடி கழுவுகிற பிரஷ் என்று சொல்லியிருந்தேன். சோதித்துப் பார்க்க இடது கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டிக்கொண்டேன்.

லேத்காரர் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஜாடி கழுவறதுக்கு அரெஸ்ட் பண்ணிட்டாங்களா?" என்றார்.

ஆனால் ஜாடியில் சோதித்தால் போதாதே. பல் வேண்டும். அவள் பல்லைக் கேட்டேன். ஒரு முழு நாள் யோசித்துவிட்டு, "மத்தியானம் பன்னெண்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும்" என்றாள். செட்டை டிபன் டப்பாவில் போட்டுக் கதவிடுக்கு வழியாக நீட்டிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டாள். நான் அதை மார்க்கெட் பின்னால் பல் செட் செய்கிறவரிடம் கொண்டு ஓடினேன். அவர் அச்சு எடுத்துக்கொண்டு செட்டைத் திருப்பித் தந்தார். இரண்டு நாளில் மலிவான பொருளில் அதே மாதிரி இன்னொன்று தயாராயிற்று. ஈறு மட்டும் பஞ்சுமிட்டாய் நிறம். அக்கா அதைப் பார்த்து, "சினிமாவுல அடி வாங்கறதுக்கு டூப்பு போடுவாங்களே, அதுவா?" என்றாள். அதுமுதல் அதற்கு டூப்பு என்றே பெயர்.

டூப்பு நிறைய அடி வாங்கியது. மீன் குழம்பு பூசிக் காயவைத்துக் கழுவினேன். முதல் குஞ்சத்தின் நைலான் முள் மாதிரி இருந்ததால் மேல் வரிசை முன்பல்லில் மூன்று கோடு விழுந்துவிட்டது. மிருதுவான நைலான் தேடி மாற்றினேன். அடியில் ரப்பர் கிண்ணம் வைத்து வாஷ்பேசினில் ஒட்டினால் ஒட்டவில்லை. எங்கள் போர் தண்ணீரின் உப்பு, பேசின் முழுக்கச் சொறி மாதிரி படிந்திருக்கிறது. கடைசியில் சமையல் மேடையிலிருந்த தேங்காய்த் துருவியைக் கழற்றி, அதை மேடையோடு பிடித்து நிறுத்தும் திருகை மட்டும் பிரஷுக்கு மாற்றினேன். பேசின் விளிம்பை அது கவ்விக்கொண்டது. விழுந்தாலும் உடையாமலிருக்கக் கீழே ஒரு ஸ்பாஞ்ச்.

மறுநாள் காலை கதவுக்கு வெளியே நின்றேன். ‘டக்’ வரவில்லை. சர்ர்ரக் சர்ர்ரக் என்று ஒரு சத்தம், துருவுகிற மாதிரி. வெளியே வந்தவள் நேராக என் மூக்குக்கு எதிரே வாயைக் கொண்டுவந்து ஊதினாள்.

"நாறுதா?"

"இல்லக்கா."

"அம்பதுக்கு நாப்பத்தெட்டு. தேங்காத் துருவிய உடைச்சதுக்கு ரெண்டு மார்க் கட்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாசித்தாள். பிறகு ஆறு ஞாயிறு. ஏழாவது ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளி காலை, நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள்.

இந்தமுறை பேச்சு போயிற்று. விழுங்க முடியவில்லை. அவசரப் பிரிவில் மூக்கு வழியாகக் குழாய் போடும்போது நர்ஸ் பல் செட்டைக் கழற்றி, பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்து, "பத்திரம் சார்" என்றார். நான் அதை மாத்திரைச் சீட்டு இருந்த பிளாஸ்டிக் பையில் போட்டேன். கேன்டீனில் டீயும் வடையும். வடை சுற்றின காகிதத்தையும் டீக் கப்பையும் அதே பையில் போட்டேன். மாத்திரைச் சீட்டை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பையைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் எறிந்தேன். சுத்தத்தில் எனக்கு அப்படி ஒரு அக்கறை.

சாயந்திரம்தான் நினைவு வந்தது. ஓடினேன். தொட்டியில் புதுப் பை மாட்டியிருந்தது. குப்பை வண்டி மூன்று மணிக்கே போய்விட்டதாகப் பெருக்குகிற அம்மா சொன்னார். ஆனாலும் பக்கத்திலிருந்த தொட்டிகள் எல்லாவற்றிலும் தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். பேனா மூடி, ஒற்றைச் செருப்பு, யாருடைய மூக்குக்கண்ணாடியோ. பல் இல்லை. எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி செய்ய ஒன்றுமில்லை என்பதை டாக்டர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு பெண்மணியை அக்காவைப் பார்த்துக்கொள்ள வைத்தேன். முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்து, அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்.

அக்கா கட்டிலில் வாய் குழிந்து கிடந்தாள். நினைவு இருந்தது. வலது கை கொஞ்சம் அசைந்தது. முதல் நாளே அந்தக் கையால் வாயைத் தொட்டுக் காட்டி என்னைப் பார்த்தாள்.

"பத்திரமா இருக்குக்கா. குழாய் இருக்கும்போது போடக் கூடாதாம். ஊற வெச்சிருக்கேன்."

டூப்பை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டு அவள் கண்ணில் படும்படி அலமாரியில் வைத்தேன். தினமும் நாலு மணிக்கு பிரஷை அவள் பக்கத்து மேஜையில் மாட்டி, அதை அவள் எதிரில் கழுவினேன். ஒரு கையாலேயே கழுவினேன், எனக்கு இரண்டு கை இருந்தும். முதுகைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வேன், பஞ்சுமிட்டாய் நிறம் தெரியாமலிருக்க. அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். கோயிலிலிருந்து ஃபாதர் நன்மை, அதாவது நாக்கில் வைக்கிற அப்பம், கொண்டுவரட்டுமா என்று கேட்டனுப்பினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் கழுவி முடித்ததும் விரலை அசைத்துக் கூப்பிட்டாள். கிண்ணத்தைக் கிட்டே கொண்டுபோனேன். அவள் விரல் தண்ணீருக்குள் போய் மேல் வரிசையைத் தேடிப்பிடித்து, முன்பல்லின் மூன்று கோடுகளையும் ஒவ்வொன்றாகத் தடவியது. பிறகு வெளியே வந்து, என் உள்ளங்கையைத் திருப்பி, ஈர விரலால் மெதுவாக ஒரு வட்டம் போட்டது.

முட்டை. அம்பதுக்கு முட்டை.

சமையலறையில் போய் நின்றேன். அந்தப் பெண்மணி கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மாவுக்கு எப்பவோ தெரியும் சார். நீ மூஞ்ச வெச்சிக்கினு கீற லட்சணத்துக்குப் பச்சக் கொழந்த கூட கண்டுபுடிச்சிடும். பாவம், உன் ஆட்டத்த எதுக்குக் கலைக்கணும்னு சும்மா கீறாங்க."

"அது டூப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அத்த வுடு. போயி நாளைக்கும் தேய். அவங்க நாலு மணிக்குக் கடியாரத்தப் பாக்கறாங்க."

மறுநாளும் தேய்த்தேன். அதற்கு மறுநாளும். முதுகைத் திருப்பிக்கொள்ளாமல். பதினேழு நாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் கஞ்சி குழாயில் போய்க்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. சவப்பெட்டி கொண்டுவந்தவர் வேலை தெரிந்தவர். குழாயை எடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்து, தாடையைக் கட்டத் துணியைக் கிழித்தார். கட்டுவதற்கு முன் நிமிர்ந்தார்.

"பல்லு எதுனா கீதா சார்? இருந்தா இப்பவே குடுத்துடு. அப்பால வாய் தொறக்காது."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். பிரஷை பேசினில் மாட்டித் திருகினேன். சர்ர்ரக், சர்ர்ரக். கோடு போகவில்லை. அது போகாது என்று தெரியும்.

அவர் கீழ் வரிசையை வைத்தார். மேல் வரிசை உட்கார மறுத்தது. குழாயும் படுக்கையுமாக அவள் ஈறு வற்றியிருந்தது. தேய்த்துத் தேய்த்து நானும் டூப்பைக் கொஞ்சம் கரைத்திருந்தேன்.

"லூசா கீதே. இது இவங்க பல்லுதானே? மாத்திக் கீத்தி குடுத்துடலயே?"

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"அவங்களோடதுதான்" என்றேன்.

"செரி. ரெண்டு பஞ்சு வெச்சி அட்ஜஸ் பண்ணிக்கலாம்."

தாடையைக் கட்டினார். வாயின் குழி நிமிர்ந்தது. முகம் அக்காவாயிற்று. ஆனால் உள்ளே வைத்த பஞ்சினால் மேலுதடு வலது பக்கம் துளி தூக்கிக்கொண்டு, சரியாக அந்தக் கோடு விழுந்த பல் தெரிந்தது. இறக்கிப் பார்த்தார். நிற்கவில்லை.

மத்தியானத்திலிருந்து பள்ளிக்கூடத்து ஆட்களும் கோயில் ஆட்களும் வந்தார்கள். "டீச்சர் சிரிச்ச முகமா இருக்காங்க" என்றார்கள். நான் பெட்டியின் வலது பக்கம், தலைமாட்டில் நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கப் போனபோது அந்தப் பெண்மணி வந்து என் இடத்தில் நின்றுகொண்டார். பூசைக்குத் தூக்கும்வரை அந்தப் பக்கம் வேறு யாரையும் நாங்கள் நிற்க விடவில்லை.