கடைசி அரை மணி நேரம்

சுகாதார அலுவலகத்தில் அச்சுக்குப் போகும் எந்த அறிக்கையும் அவன் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘பூதக்கண்ணாடி’. முப்பத்தாறு வயது, ஆட்டிசம் உள்ளவன். யாராவது தோளைத் தொட்டால் பதறிவிடுவான். ஆனால் நூறு பக்கத்தில் ஒரு தப்பு ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவான்.

இரண்டு வருடத்துக்கு முன் சாகத் துணிந்தவனை அக்காதான் மீட்டாள். அன்றிலிருந்து செவ்வாய்தோறும் மனநல ஆலோசகரிடம் போகிறான். அந்த அம்மா அவனுக்காக டியூப்லைட்டை அணைத்துவைப்பார். முதல் ஒரு மணி நேரம் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு சரி, சொந்தமாக ஒரு வார்த்தை வராது. அதற்கப்புறம்தான் மனதில் இருப்பதைச் சொல்வான். அதற்காகவே அவர் யாரிடமும் மூச்சு விடாமல் அரை மணி நேரம் கூடுதலாக உட்காருவார். அவன் உயிரோடு இருந்ததே அந்த அரை மணியால்தான்.

ஒருநாள் அந்தச் சிகிச்சையைப் பற்றிய அறிக்கையே அவன் மேஜைக்கு வந்தது. அவனைப் போன்றவர்களுக்கு இந்தச் சிகிச்சை செலவுக்குத் தகுமா? தகும் என்று முடிவு, அதுவும் மயிரிழையில். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பாவி, அந்த ஒன்றை விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? ஓரத்தில் எழுதினான்: ‘தவறு. ஒன்றரை மணி நேரம். நானே போகிறேன்.’

விசாரித்தார்கள். எல்லா ஆலோசகர்களும் இதே கள்ளத்தனத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கணக்கு மாறியது. தகாது என்று ஆனது.

மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல். “நீ மட்டும் பாக்கலேன்னா நம்ம மானமே போயிருக்கும்பா!”

அடுத்த செவ்வாய் ஆலோசகர் களைத்திருந்தார். “யார் போய்ச் சொன்னாங்கன்னே தெரியல.”

“நான்தான் மேடம். தப்பா இருந்துச்சு.”

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அன்று சரியாக ஒரு மணி நேரத்தில் எழுந்துகொண்டார். அவன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

சிகிச்சையை நிறுத்தும் கடிதமும் அவனிடமே சரிபார்க்க வந்தது. அவசர உதவி எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருந்தது. திருத்தி அனுப்பினான்.

ஒரு வாரத்தில் அது தபாலில் வீட்டுக்கு வந்தது. படித்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இனிமே செவ்வாய்க்கிழமை என்னடா பண்ணுவே?”

அவன் கடிதத்தை வாங்கி வரிவரியாகப் பார்த்தான்.

“ஒரு தப்பும் இல்லக்கா” என்றான்.