மருமகளுக்கு எடுத்த வைரத்தோடு

மகன் வைரத்தோடு எடுக்கப் போவதாகச் சொன்னபோது, யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அடுத்த மாதம் அவனுக்கு எழுத்து. பாலையூற்றில் இருக்கிற பெட்டை ஒருத்தியைப் பதிவுக் கலியாணம் செய்கிறான், தாலிகட்டு அதற்குப் பிறகுதான். எழுத்தன்று அவளுக்கு முதலே சொல்லாமல் ஒரு சோடித் தோட்டைக் கையில் கொடுத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். "நீங்கள்தானம்மா வந்து பார்த்து எடுத்துத் தரவேணும், எனக்கு இதொண்டும் விளங்காது" என்றான். குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்ற எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் காதில் இருப்பது கலியாணத்துக்கு அம்மா போட்ட சிவப்புக்கல் தோடு. ஒரு கல்லில் கீறல் விழுந்திருக்கிறது. என் மனுசன் நல்ல மனுசன், குடிவெறி இல்லை, சம்பளத்தை முழுசாகக் கொண்டுவந்து கையில் தருகிறவர். ஆனால் கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னோடு ஒரு நகைக்கடை வாசலை மிதித்ததில்லை. "உனக்கு நகை என்னத்துக்கு, நீயே தங்கம்தானே" என்று ஒருமுறை சொன்னார். செலவில்லாத கதை. அதைக் கேட்டு அன்றைக்கு நான் சிரித்ததை நினைத்தால் இப்போது கோபம் வருகிறது.

மகன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறான். கப்பல் வருகிற நாட்களில் ஓவர்டைம் கிடைக்கும். அந்தக் காசை எனக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருக்கிறான். எங்கள் வாசிங் மெசின் பழுதாகிப்போய், நான் கையால் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த காலத்தில் சேர்த்த காசு அது. முதலில் சங்கிலி எடுக்கத்தான் நினைத்தானாம். பவுன் விலை ஏறிய ஏற்றத்துக்கு அது ஏலாது என்று விட்டுவிட்டான். சின்ன வைரத்தோடு என்றால் பவுன் கொஞ்சம்தான் போகும், கல்லும் சின்னன் என்றால் கையைக் கடிக்காது என்று படகில் கூட வேலை செய்கிறவன் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். அந்த யாரோவையும் நான் மனதுக்குள் திட்டினேன்.

கடைக்குப் போனோம். முதலாளி கறுப்பு வெல்வெட் விரித்த தட்டை எங்கள் முன்னால் வைத்தார். மகன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். அவள் எப்போதோ போனில் ஒரு தோட்டைப் பார்த்து "வடிவா இருக்கெல்லோ" என்று சொன்னாளாம். அதை அவன் படமாகப் பிடித்து வைத்திருக்கிறான். நான் இந்த வீட்டில் எத்தனை சாமானைப் பார்த்து வடிவாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். ஒருத்தரும் ஒன்றையும் படம் பிடித்து வைக்கவில்லை.

எங்கள் கையிலிருந்த காசுக்கு முதலாளி மூன்று விதம் காட்டினார். ஒன்று, மெசினில் வளர்த்த வைரம். "இதுவும் வைரம்தானம்மா. மண்ணுக்குள்ள கிடக்கேல்ல, அவ்வளவுதான்" என்றார். கல் நல்ல பெரிதாக இருந்தது. மகனின் முகம் மலர்ந்துவிட்டது. நான் உடனே, "இதை நாளைக்கு விக்கப் போனா என்ன தருவியள்?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். சரி, அது வேண்டாம் என்றேன். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் அது அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டேன்.

அடுத்தது ஏழுகல் தோடு. பூப்போல நெருக்கிக் கட்டியது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கல் போலத் தெரியும், காசும் குறைவு. அதைக் கண்டதும் என் கை தானாக நீண்டது. சின்ன வயதிலிருந்து நான் ஆசைப்பட்ட தோடு அதுதான். அதனாலேயே அது இன்னொருத்தியின் காதுக்குப் போவதை என்னால் பார்க்க ஏலாது. "இது வயசு போன ஆக்கள் போடுறது தம்பி" என்று சொல்லித் தட்டின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிட்டேன்.

மிஞ்சியது சின்ன ஒற்றைக்கல். மிளகைவிடச் சின்னன். "மெல்லிசான முகத்துக்கு இதுதான் எடுப்பு. பெரிய கல்லெண்டா முகத்தை மூடிப்போடும்" என்றேன். மகன் சந்தோசமாகத் தலையாட்டினான். "பார்த்தீங்களோ, இதுக்குத்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்று முதலாளியிடம் பெருமையாகச் சொன்னான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவன், "உங்கட காதில ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோவனம்மா" என்றான். சிவப்புக்கல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டேன். முதலாளி கண்ணாடியைத் திருப்பினார். தலையைக் கொஞ்சம் அசைத்தேன். இரண்டு பக்கமும் மினுக்கென்றது. கண்ணாடியில் இருந்தவளை எனக்குப் பிடித்துவிட்டது. அந்தத் தோட்டைக் கழற்றி இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இன்னொருமுறை தலையை அசைத்தேன்.

எனக்கில்லாத இந்தத் தோடு அவளுக்கும் போகாமல் எப்படியாவது திரும்பிக் கடைக்கே வரவேண்டும். அதற்கு எனக்கு ஒரு வழி தெரிந்தது. "வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. மூண்டு நாளைக்குத் தலைமாட்டில வைச்சுப் படுத்துப் பார்க்கவேணும். கெட்ட கனவு கண்டா திருப்பிக் குடுக்கவேணும்" என்றேன். முதலாளிக்கு அது புதுக்கதை இல்லை. "ஓமம்மா, கனபேர் அப்பிடித்தான் கேக்கிறவை. கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ. ஒத்துக்கொள்ளாட்டி இதே பெட்டியோட கொண்டு வாங்கோ, வேற மாத்தித் தாறன்" என்றார்.

மகன்தான் சட்டம் பேசினான். "அது அவவுக்கெல்லோ ஒத்துக்கொள்ள வேணும்? நீங்கள் ஏனம்மா வைச்சுப் படுக்கிறியள்?"

"அவள் எங்கட வீட்டுக்கு வாற பிள்ளை. அவளுக்குச் சொல்லாமல் குடுக்கப்போறன் எண்டு நீதானே சொன்னனி? அப்ப வீட்டில மூத்தவள் நான்தான் வைச்சுப் படுக்கவேணும்" என்றேன். அவன் காசை எண்ணி முதலாளியிடம் கொடுத்தான்.

கெட்ட கனவுக்கு நான் ஆயத்தமாகத்தான் படுத்தேன். தலையணைக்குக் கீழே பெட்டி. வயிறு முட்டக் கணவாய்க் கறியும் புட்டும். இப்படிச் சாப்பிட்டுப் படுத்தால் எனக்கு எப்போதும் யாராவது துரத்துவார்கள், இல்லாவிட்டால் பல் விழும். விடியக் கண் விழித்தால் ஒரு கனவும் இல்லை. பச்சைப்பிள்ளை போல நித்திரை கொண்டிருக்கிறேன். முழங்கால் நோவுகூடத் தெரியவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். "என்ன, முகம் பளிச்செண்டு கிடக்குது" என்றார் மனுசன். நான் தேத்தண்ணியை அவருக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனேன்.

மகன் வேலைக்குப் புறப்படும்போது ஒவ்வொரு நாளும் கேட்பான். "கனவு ஏதும் கண்டனீங்களோ?" ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாய்க்கு வரும், ஆனால் சொல்லமாட்டேன். காணாத கெட்ட கனவைக் கண்டேன் என்று சொன்னால் அது பலித்துவிடும் என்று எனக்குப் பயம். அவன் கடலில் வேலை செய்கிறவன். எனக்கு அந்தப் பெட்டையில் எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் அந்த விளையாட்டு விளையாட ஏலாது. "இல்லை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளோடு சண்டை பிடித்தேன்.

மூன்றாம் நாள் காலை வீட்டில் ஒருவரும் இல்லை. மகன் துறைமுகத்தில், மனுசன் மரக்கறி வாங்கப் போய்விட்டார். இன்றைக்குப் பிறகு இது எனக்கில்லை என்று நினைத்தேன், பெட்டியைத் திறந்து தோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஒருக்காப் பார்த்துவிட்டுக் கழற்றத்தான். ஆனால் போட்ட பிறகு கழற்ற மனம் வரவில்லை. தேங்காய் துருவினேன், கதிரைகளைத் துடைத்தேன், தேவையில்லாமல் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய்ப் போய் வந்தேன்.

அப்போது வெளியே செடி முறிகிற சத்தம் கேட்டது. கோட்டைப் பக்கத்தில் திரிகிற மான்கள் எங்கள் தெருவுக்கு வருவது புதினமில்லை. என் செவ்வரத்தைப் பூச்செடியில் மட்டும் வாய் வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். முற்றம் கூட்டுகிற தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கொம்பன் மான் ஒன்று, ஒரு கிளையை வாயில் வைத்துக்கொண்டே மெல்ல நடந்து போனது. அதைத் துரத்திக்கொண்டு வாசல் படலைக்கு வெளியே வந்தால், அங்கே ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு அவள் நிற்கிறாள். தாலிகட்டுக்கு அவளுடைய கூறைச் சீலைக்குச் சட்டை தைக்க அளவுச் சட்டை கேட்டிருந்தேன். அதைக் கொண்டு வந்திருக்கிறாள்.

"மாமி" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவளுடைய கண் என் காதில் இருந்தது.

"தோடு புதுசோ மாமி?"

"ஓம். தம்பி எடுத்தவன்" என்றேன். பொய் இல்லை. மகன்தான் எடுத்தவன்.

அவளுடைய முகம் மாறியதை நான் ஆற அமரப் பார்த்தேன். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அது என்ன என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை நாட்களாக நான் குசினிக்குள் ஒளித்து வைத்திருந்த அதே முகம். அவளுக்கும் வயிறு எரிகிறது. என்னைப் பார்த்து! எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நல்ல சந்தோசம். தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியும் விட்டேன்.

"நல்ல வடிவு மாமி" என்றாள். அளவுச் சட்டைப் பையை என் கையில் தந்தாள். "இப்பிடி ஒண்டு எனக்கு விருப்பமெண்டு நான்தான் அவருக்குக் காட்டினனான். பரவாயில்லை. உங்களுக்கு எடுத்தது நல்லதுதானே." குரல் உடைந்தது. ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணப் பார்த்தாள், அது கிளம்பவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் முயற்சி செய்தாள்.

இப்படியே போனால் நேரே அவனுக்கு போன் எடுப்பாள். சண்டை வரும். எழுத்துக்கு முன்னால் கண்ணீர் விட்ட பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது, என் மகனும் அதில் கிடந்து சீரழிவான். என் சந்தோசம் அந்த இடத்தில் அடங்கியது. "உள்ளுக்கு வா பிள்ளை" என்றேன். "இல்லை மாமி, வேலைக்கு நேரமாகுது" என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கதிரையில் இருத்திவிட்டுத் தோட்டின் திருகுச் சுரைகளைக் கழற்றினேன். "இது உனக்கு எடுத்தது. எழுத்தண்டைக்குச் சொல்லாமல் தரவேணுமெண்டு வைச்சிருக்கிறான். நான் சும்மா போட்டுப் பார்த்தனான்." அவள் நம்பாதவள் போல என்னைப் பார்த்தாள். ஏன் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. தோட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து நானே அவளுடைய காதில் போட்டுவிட்டேன். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினேன்.

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள், அந்தப் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்குக் கிட்டப் போனாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"மாமி, நீங்கள் போட்டிருக்கேக்க பெரிசாத் தெரிஞ்சது."

நான் அவளுடைய காதை வடிவாகப் பார்த்தேன். உண்மைதான். சின்னன். நானே தேடிப் பிடித்து எடுத்த சின்னன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"ஓம், சின்னன்தான். அவனிட்டச் சொல்லிப்போடாதை பிள்ளை."

"ஐயோ, நான் சொல்லுவனோ மாமி? நீங்களும் நான் கண்டனான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

கழற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். அன்றைக்குப் பின்னேரம் மகனிடம், தோடு வீட்டுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது என்று சொன்னேன்.

எழுத்து பாலையூற்றில் அவர்கள் வீட்டில் நடந்தது. கையெழுத்து வைத்து முடிந்ததும் மகன் சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்தான். அவள் திறந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள், கண் விரிந்தது, அந்தக் கண்ணில் தண்ணீர் வேறு நிறைந்தது. "ஐயோ, இவ்வளவு பெரிசோ! ஏன் இவ்வளவு செலவழிச்சனீங்கள்?" என்றாள். மகனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கனகாலமாகக் கண்டதில்லை.

அப்படி நடிக்கிற வேலை இவ்வளவு காலமும் என்னுடையது. பள்ளிக்கூடக் காலத்தில் அவன் திருவிழாவில் வாங்கித் தந்த பிளாஸ்டிக் சீப்புக்கும், முதல் சம்பளத்தில் வாங்கிவந்த, என் நிறத்துக்கு ஒருக்காலும் எடுபடாத மஞ்சள் சீலைக்கும் நான் அப்படித்தான் வாயைப் பொத்தினேன், கண்ணை விரித்தேன். உலகத்தில் வேறு எவளும் அவனுக்கு இதைச் செய்யமாட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பிழை விடாமல் செய்தாள். தோட்டைக் கொடுத்தபோதுகூட எனக்கு இப்படி எரியவில்லை. அவன் அவளை முழுசாக நம்பினான், என்னை நம்பியதைவிடவும் நன்றாக நம்பினான்.