ஒன்பது முறை தோண்டிய தொட்டி

கான்சாபுரத்தில் வயல் வைத்திருக்கும் நண்பர் போன மழைக்காலத்தில் எனக்கு ஓர் ஆர்க்கிட் செடி தந்தார். அவர் வயலோரத்து ஊற்றுப் பள்ளத்தில் முளைத்தது. சாண் உயரம், ஐந்து இலைகள், பதினொரு வெள்ளைப் பூக்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக் குழாயடியில் தொட்டியை வைத்து, இலையையும் பூவையும் தினமும் எண்ணிப் பார்ப்பேன்.

"கோடையில இலை பூரா காஞ்சிரும் அண்ணாச்சி. கிழங்கு உள்ள தூங்கும், பயந்துராதீங்க" என்று சொல்லித்தான் தந்தார்.

பங்குனியில் கடைசி இலையும் காய்ந்தது. எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தேன். கிழங்கு இரண்டு இருந்தது. பிறகு வாரம் ஒருமுறை கிளறினேன்.

"அடைகாக்குற கோழிகூட முட்டைய இம்புட்டுத் தடவ பொரட்டாது. எண்ணி எண்ணியே அதக் கொல்லப் போறிய" என்றாள் என் மனைவி.

ஒன்பதாவது முறை ஒரு கிழங்கு அழுகியிருந்தது. மற்றதில் அரை அங்குல முளை. சந்தோஷத்தில் கையில் எடுத்தேன். முளை ஒடிந்து விரலோடு வந்துவிட்டது.

இன்னொரு செடி கேட்டு நண்பருக்குப் போன் செய்தேன்.

"பாதைக்காகப் பள்ளத்த மண்ணடிச்சு மூடியாச்சு அண்ணாச்சி. உங்ககிட்ட இருக்கதுதான் கடைசி."

முளை ஒடிந்த கிழங்கைத் திரும்பப் புதைத்தேன். இப்போது ஈரம் காயாமல் தண்ணீர் தெளிப்பதோடு சரி, மண்ணைத் தொடுவதில்லை. நாட்களை மட்டும் எண்ணுகிறேன். இன்று நூற்றுப் பதினேழு. உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். தோண்டினால் தெரிந்துவிடும். தோண்டவில்லை.